எங்களிடம் எல்லாம் இருக்கிறது

ஜனவரி 20, செவ்வாய்

ஆய்வகக் குழாயில் இன்றைக்கும் தண்ணீர் இல்லை. மூன்றாம் ஆண்டு வகுப்பில் சுபலட்சுமி என்கிற பெண்ணின் விரலில் நைட்ரிக் அமிலம் பட்டுவிட்டது. ஓடிப்போய்க் குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நான் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அவள் கையில் கவிழ்த்தேன். தோல் மஞ்சளாகிவிட்டது. அந்தப் பெண் அழவில்லை. "பரவால்லக்கா" என்றாள்.

அந்தப் பரவால்லதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னடி பரவால்ல? அரசாங்கக் கல்லூரி என்றால் கை வெந்தாலும் பரவால்ல. முப்பத்தொரு பேருக்கு ஒழுகாத ப்யூரெட் ஐந்துதான் என்றாலும் பரவால்ல. ஒருத்தி அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, ஐந்து பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தால் அதற்குப் பெயர் செய்முறை வகுப்பு. இந்த ஒரு வார்த்தையை வைத்தே எங்களை இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் மகள் மகிழரசி ஒரு டைரியை நீட்டினாள். "கத்தாதம்மா, பிரஷர் ஏறுது. இதுல எழுதித் தொலை" என்றாள். எழுதுகிறேன்.

நான் கஸ்தூரி. கீழமருதூர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். அரசாங்க உதவியாளர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பணியிடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றதோடு சரி, ஆள் போடவே இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கும் கூலிக்குப் பதினான்கு வருடமாக நான் அங்கே குடுவை கழுவுகிறேன். இதே கல்லூரியில் பி.எஸ்ஸி வேதியியல் முடித்தவள். மகிழும் இங்கேதான். அந்த முப்பத்தொரு பேரில் அவளும் ஒருத்தி.

ஜனவரி 22, வியாழன்

துறைத் தலைவர் சவரிமுத்து சார் ஓடாத குறையாக ஆய்வகத்துக்குள் வந்தார். கையில் கடிதம்.

"கஸ்தூரிம்மா, வந்துருச்சு! புதுசா முதுநிலைப் படிப்பு குடுக்க காலேஜ் தேர்ந்தெடுக்கறாங்க. நம்ம பேரும் பட்டியல்ல இருக்கு. பிப்ரவரி பத்தாம் தேதி குழு வருது. என்னென்ன இல்லைன்னு பாத்து நிதி ஒதுக்குவாங்களாம்."

பதினோரு வருடமாக எம்.எஸ்ஸி வேதியியல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அரசுக் கட்டணத்தில் அது இங்கே வந்தால் ஒரு வருடப் படிப்பு ஒரு சேலை விலைக்கு முடியும். இப்போது எம்.எஸ்ஸி படிக்க வேண்டும் என்றால் பைபாஸ் ரோட்டுத் தனியார் கல்லூரி. அதற்கு எங்கள் பிள்ளைகள் வீட்டில் விற்க ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த அரசுக் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறி இரண்டரை மணி நேரம். அங்கே விடுதியில் இடமும் கிடையாது. அதனால் பரீட்சை முடிந்ததும் ஓசூரிலிருந்து கம்பெனி வேன் வரும். செல்போன் பாகம் மாட்டுகிற வேலை, தங்க இடம், சாப்பாடு. ஒவ்வொரு வருடமும் முக்கால்வாசி வகுப்பு அந்த வேனில்தான் போகிறது. கரிம வேதியியலில் தொண்ணூறு வாங்கின பெண் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு திருகு முடுக்குகிறாள்.

ஜனவரி 23, வெள்ளி

மகிழ் இன்று எம்.எஸ்ஸி என்று நான்கு தடவை சொன்னாள். நான் காதில் விழாதது மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

துறைக் கூட்டம். நிரந்தர ஆசிரியர் இரண்டு பேர், கௌரவ விரிவுரையாளர் மூன்று பேர், ஓரமாக நான். பொறுப்பு முதல்வர் உலகநாதன் சாரும் வந்திருந்தார். முழு முதல்வர் என்று ஒருவரை இந்தக் கல்லூரி பார்த்து மூன்று வருடமாகிறது.

சவரிமுத்து சார், "குறையத்தான பாக்க வர்றாங்க, இருக்கறபடியே காட்டுவோம்" என்றார். அப்போது யாரோ புள்ளியியல் துறையை ஞாபகப்படுத்தினார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு குழு வந்தபோது, அந்தத் துறைத் தலைவர் நேர்மையாகக் கம்ப்யூட்டர் இல்லை, ஆசிரியர் இல்லை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். இல்லாததைக் கொடுப்பார்கள் என்று பார்த்தால், வசதியில்லை என்று சொல்லிப் படிப்பையே மூடிவிட்டார்கள். இப்போது அந்த அறையில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன.

அதற்குப் பிறகு இருக்கிறபடி காட்டலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கருவிகளை இரவல் வாங்கி வைப்பது என்று முடிவாயிற்று.

இங்கே இது புதுசும் இல்லை. போன தடவை தரச்சான்று கொடுக்கக் குழு வந்தபோது நூலகத்துக்குப் புத்தகங்களே இரவல் வந்தன. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டுச் சங்கிலியை வாங்கிப் போடுவதில்லையா, அந்தக் கதைதான்.

பிப்ரவரி 6, வெள்ளி

பைபாஸ் ரோட்டுக் கல்லூரித் தாளாளர் கேட்டவுடனே சரி என்றாராம். வேனும் அவரே அனுப்பினார். டிஜிட்டல் தராசு ஆறு, பி.எச். மீட்டர் எட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டு, கம்ப்யூட்டர் பன்னிரண்டு, ப்யூரெட் நாற்பது. "நமக்குள்ள என்னங்க, நல்லபடியா முடியட்டும்" என்று சவரிமுத்து சாரிடம் போனில் சொன்னாராம். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மகிழும் நான்கைந்து பெண்களும் இறக்கி வைக்க உதவினார்கள். மகிழ் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். திரும்பத் திரும்பத் திறந்து மூடினாள்.

"யாரோடதும்மா இது?"

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாருடி."

பிப்ரவரி 9, திங்கள்

ஒவ்வொரு கருவியிலும் அவர்கள் பெயர் இருந்த இடத்தில் நம் கல்லூரிப் பெயரும் இருப்பு எண்ணும் எழுதி ஒட்டினேன். மொத்தம் இருபத்தெட்டு ஒட்டு. ஒன்றுகூடக் கோணல் இல்லை என்று உலகநாதன் சார் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பினோம். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக எட்டுக் குழாயிலும் தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் சும்மாவே வந்து வந்து கை கழுவின.

பிப்ரவரி 10, செவ்வாய்

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் ஹேமாவதி என்று ஓய்வு பெற்ற பேராசிரியர். வெளுத்த பருத்திச் சேலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அதட்டல் இல்லை, அலட்டல் இல்லை. ஒவ்வொரு மேஜையாக நின்று பார்த்தார்.

"ஏதாவது குறை இருந்தா தயங்காமச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றார்.

"எல்லாம் இருக்குங்க மேடம்" என்றார் உலகநாதன் சார். சவரிமுத்து சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா விடவில்லை, மாணவிகளிடமும் கேட்டார். அவர்களும் எல்லாம் இருக்கிறது என்றார்கள். சொல்லி வைத்திருந்தோம். என்னிடமும் ஏதோ கேட்டார், பதில் சொன்னேன்.

போகும்போது "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்று எழுதிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கேன்டீனில் வடை சாப்பிட்டோம்.

பிப்ரவரி 11, புதன்

வேன் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிற்று. மதியம் தொட்டி காலி. இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு ப்யூரெட் ஐந்து.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஓசூர் கம்பெனிக்காரர்கள் பரீட்சைக்கு முன்னாலேயே பெயர் எழுத வந்துவிட்டார்கள். புங்க மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுபலட்சுமி எழுதினாள். இன்னும் பதினேழு பேர் எழுதினார்கள். மகிழ் எழுதவில்லை. "எம்.எஸ்ஸி வந்துரும்டி, அவசரப்படாதீங்க" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது.

அவள் அப்பாவுக்கு சிமெண்ட் லாரி ஓட்டுகிற வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. இன்று போன் செய்து, "பேர் எழுதி வெச்சா என்ன குறைஞ்சா போயிடும்?" என்றார். "உங்க வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டேன். பிறகு வருத்தமாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது. எங்களுக்கு எம்.எஸ்ஸி வேதியியல் கிடைத்துவிட்டது!

உலகநாதன் சார் லட்டு வாங்கி வரச் சொன்னார். மகிழ் ஆய்வகத்துக்கு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் கையெல்லாம் சோப்பு. அவள் முதுகில் ஈரக் கை பதிந்துவிட்டது.

சாயங்காலம் சவரிமுத்து சார் அறிக்கையை என் கையில் கொடுத்தார். லட்டு எடுத்துக்கொள்ளவில்லை அவர். "மூணாம் பக்கம் படிங்கம்மா" என்றார்.

படித்ததை அப்படியே எழுதுகிறேன். "கருவிகள், கணினிகள், நீர் வசதி ஆகியவை முதுநிலைப் படிப்புக்குப் போதுமான அளவில் உள்ளன. எனவே அரசின் கூடுதல் நிதியோ புதிய பணியிடங்களோ தேவையில்லை. இப்படிப்பினைச் சுயநிதி முறையில் தொடங்கலாம். ஆண்டுக் கட்டணம் ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய். குறைந்த நிதியில் சிறப்பாக இயங்கும் இக்கல்லூரி பிற கல்லூரிகளுக்கு முன்மாதிரி."

ஐம்பத்தைந்தாயிரம். அரசாங்கக் கட்டடத்துக்குள், அரசாங்கப் பெயர்ப்பலகைக்குக் கீழே, தனியார் கட்டணம்.

மகிழ் இன்னும் மூணாம் பக்கம் படிக்கவில்லை. சுடிதார் முதுகில் இருந்த கறையைத் துவைத்துக்கொண்டு பாடுகிறாள்.

மார்ச் 13, வெள்ளி

எழுதினால் கோபம் குறையும் என்றாள் மகிழ். ஒரு மண்ணும் குறையவில்லை.

முன்மாதிரியாம்! தண்ணீர் கொடுக்காமல் வளர்ந்து காட்டு என்று ஒருத்தன் சொல்வான், நாம் வளர்ந்து காட்டியதாக நடிக்க வேண்டும், அதைப் பார்த்து இன்னொரு ஊர்க் கல்லூரிக்கும் தண்ணீரை நிறுத்துவான். பள்ளிக்கூடத்துக்கு ரோடு போட்டால் செலவு, மருத்துவமனைக்குக் கட்டில் வாங்கினால் செலவு, கல்லூரிக்கு ஆசிரியர் போட்டால் பெருஞ்செலவு! வரி கட்டும்போது மட்டும் நாங்கள் கண்ணுக்குத் தெரிகிறோம். தீப்பெட்டி வாங்கினாலும் கட்டுகிறோமே, அது எங்கே போகிறது? எங்கள் பிள்ளை படிக்க அதில் பங்கு கேட்டால் இனாம் கேட்கிற மாதிரிப் பார்க்கிறார்கள். இனாம் இல்லை ஐயா. எங்கள் காசுதான்.

அந்தத் தாளாளரையும் இன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். இங்கே அரசுக் கட்டணத்தில் எம்.எஸ்ஸி வந்தால் அவர் கல்லூரியில் யார் சேருவார்கள்? கேட்டவுடனே வேன் அனுப்பினாரே! நல்ல மனுஷன் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஊரையெல்லாம் திட்டியாயிற்று. இதையும் எழுதிவிடுகிறேன். புள்ளியியல் துறையை ஞாபகப்படுத்தின அந்த "யாரோ" நான்தான். இரவல் வாங்கலாம் என்று சொன்னதும் நான்தான். பதினான்கு வருடத்தில் துறைக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது அன்றைக்கு ஒரு நாள். எல்லோரும் சரி சரி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஹேமாவதி அம்மா என்னிடம் கேட்டதும் "ஏதோ" இல்லை. எல்லோரும் முன்னால் போன பிறகு எனக்காகவே நின்றார். "நீங்க சொல்லுங்கம்மா. தினமும் இங்க புழங்கறது நீங்கதானே. பிள்ளைங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். என்ன வேண்டும் என்று பதினான்கு வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆளிடம், "ஒரு குறையும் இல்லைங்க மேடம்" என்றேன்.

மார்ச் 14, சனி

மகிழ் மூணாம் பக்கத்தைப் படித்துவிட்டாள். சாப்பிடவில்லை. "அந்தக் கருவியெல்லாம் நம்மளுது இல்லன்னு எழுதிப் போட்டா என்னம்மா?" என்று கேட்டாள். துவைக்கப் போட வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

உலகநாதன் சார் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவே புதுசு.

"சுயநிதின்னா பெற்றோர் ஆசிரியர் கழகம் தீர்மானம் போடணும். சனிக்கிழமை கூட்டம். நீங்க நம்ம ஊழியர் மட்டுமில்ல, ஒரு பெற்றோரும்கூட. கை தூக்கிடுங்க."

"சார், நம்ம பிள்ளைங்களால இந்தக் காசு கட்ட முடியாது சார்."

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது வந்துச்சேன்னு பாருங்கம்மா. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "ஒரு சீட்டு கட்டணமில்லாமக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. உங்க பொண்ணுக்குன்னு வெச்சிருக்கேன். நீங்க அமைதியா இருந்தாப் போதும்."

அவர் கெட்டவர் இல்லை. சொந்தக் காசில் கழிவறைக்குக் கதவு போட்டவர். இந்த வறுமையில் இருபது வருடம் குப்பை கொட்டினால் கிடைத்ததை வாங்கி வைத்துக்கொள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மகிழிடம் இதைச் சொல்லவில்லை. நேரம் அமையவில்லை.

மார்ச் 19, வியாழன்

அவளுக்குப் பிடிக்குமே என்று உருளைக்கிழங்கு பொரித்தேன். இன்றும் நேரம் அமையவில்லை.

மார்ச் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கூட்டம் பதினோரு மணிக்கு, தேர்வு மண்டபத்தில். நூறு பேர் இருக்கும். நூறு நாள் வேலையிலிருந்து அரை நாள் விட்டுவிட்டு வந்தவர்கள், ஆட்டை யாரிடமோ பார்க்கச் சொல்லிவிட்டு வந்தவர்கள். பிள்ளைகளும் பின்னால் நின்றார்கள். உலகநாதன் சார் அறிக்கையில் முன்மாதிரி வரைக்கும் படித்தார், கை தட்டினார்கள். கட்டணத்தைப் படிக்கும்போது வேகமாகப் படித்தார்.

சுபலட்சுமியின் அம்மா சின்னப்பொண்ணு எழுந்தாள். "ஐயா, எவ்ளோன்னு சொன்னீங்க?"

சொன்னார்.

"மாசத்துக்கா, வருசத்துக்கா?"

"வருஷத்துக்கும்மா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "சரிங்கய்யா, நமக்கு இல்ல போலருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கோபமே இல்லாமல் சொன்னாள். சண்டை போடக்கூட உரிமை இல்லை என்று இவளை நம்ப வைத்தது யார்?

"சம்மதிக்கறவங்க கை தூக்கலாம்" என்றார் சார். ஆசிரியர்கள் தூக்கினார்கள். பயந்து பயந்து பத்துப் பெற்றோர் தூக்கினார்கள். சார் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். கை தூக்கத்தான் எழுந்தேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது.

"அந்தச் சாமான் ஒண்ணுகூட நம்மளுது இல்ல" என்றேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தனையும் இரவல். பைபாஸ் ரோட்டுக் காலேஜ்லேர்ந்து வந்துச்சு. அவங்க பேர் மேல நம்ம பேர ஒட்டுனது நான். இரவல் வாங்கலாம்னு சொன்னதும் நான்தான், இவங்க யாரும் இல்ல. என்ன வேணும்னு அந்தக் குழு அம்மா என்னக் கேட்டாங்க. ஒண்ணும் வேணாம்னேன். நம்ம புள்ளைங்க வாயில விழ இருந்தத நானே தட்டி விட்டுட்டேன்."

"எம்மா, நீ சொல்றது நெசமா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"நெசந்தான். உம் பொண்ணு கையில ஆசிட் பட்டப்போ குழாயில தண்ணி இல்ல. இல்லைன்னு சொல்லியிருந்தா இன்னிக்குத் தண்ணி வந்திருக்கும், வாத்தியார் வந்திருப்பாங்க, அரசாங்கக் கட்டணத்துலயே படிப்பும் வந்திருக்கும். தீர்மானத்துக்குச் சம்மதிச்சா, இனிமே இந்தக் காலேஜுக்கு ஒரு பைசா வராது. எல்லாத்தையும் உங்க தலையில கட்டிட்டு அரசாங்கம் கைய ஒதறிக்கிட்டுப் போயிடும். சம்மதிக்காதீங்க. உள்ளத உள்ளபடி எழுதிக் குழுவுக்கு அனுப்புவோம். குடுக்கறது அவங்க கடமை. நம்ம வெக்கப்பட்டு மறைச்சு வெச்சா அவங்களுக்கு வசதியாப் போச்சு."

உலகநாதன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார்: "உங்க பொண்ணுக்குக் கட்டணமே இல்லாம சீட்டு தர்றேன்னு சொன்னேனேம்மா! அதுக்கப்புறமும் இப்படிப் பேசுறீங்களே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் திரும்பி மகிழைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

சவரிமுத்து சார் தூக்கியிருந்த கையை இறக்கினார். அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கிற்று. தீர்மானம் தோற்றது. உண்மையை எழுதி, அரசு நிதியிலேயே படிப்பு வேண்டும் என்று குழுவுக்குக் கடிதம் அனுப்ப வேறொரு தீர்மானம் போட்டார்கள். கைநாட்டு வைக்க மை போதவில்லை.

வெற்றிதான். பஸ்ஸில் மகிழ் எனக்கு இரண்டு சீட்டு தள்ளி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"இரவல் வாங்கும்போதும் என்னக் கேக்கல. என் சீட்டு வேணாம்னு சொல்லும்போதும் என்னக் கேக்கல. உனக்குக் கோவம் வந்தா என் படிப்பாம்மா?"



மார்ச் 23, திங்கள்

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினான்கு வருடம் வேலை செய்ததற்குக் கையெழுத்து வாங்க அவர்களிடம் ஒரு பதிவேடுகூட இல்லை.

மார்ச் 25, புதன்

மகிழ் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போய்விடுகிறாள். ஓசூர் கம்பெனி விண்ணப்பம் அவள் புத்தகத்துக்குள் இருக்கிறது. நிரப்பி வைத்திருக்கிறாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மார்ச் 28, சனி

அவள் அப்பா வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். என்னையும் திட்டவில்லை, அவளையும் தேற்றவில்லை. "நீ சொன்னது சரிதான். ஆனா அவகிட்ட நீதான் பேசணும்" என்றார். பேசினேன். சுவரோடு பேசின மாதிரி இருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

சவரிமுத்து சார் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். கையில் ஒரு உறை.

"ஹேமாவதி மேடம் பதில் போட்டிருக்காங்க. பழைய அறிக்கைய நிறுத்தி வெச்சிட்டாங்க. உண்மையிலயே என்னென்ன இல்லைன்னு இந்தப் படிவத்துல எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணுமாம். குடுப்பாங்களான்னு உறுதி சொல்லல. இந்த வருஷத்துக்குள்ள வருமான்னும் தெரியாது." படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு மேல் பக்கம் நிரப்பத் தெரியும்மா. லேப்ல என்ன இல்லைங்கறது உங்களுக்குத்தான தெரியும்?"

வேலையிலிருந்து நிறுத்தியவர்களுக்கே நான் வேலை செய்ய வேண்டும்! வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தால் எழுத்து கிறுக்கலாக வந்தது. மகிழ் உள்ளேயிருந்து வந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ப்யூரெட் முப்பத்தைந்து. தராசு ஆறு. ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றும் இல்லை. புகை போக வழி இல்லை. குழாய் எட்டு, தண்ணீர் இல்லை. நிரந்தர ஆசிரியர் நான்கு பேர் வேண்டும். ஆய்வக உதவியாளர் பணியிடம் பதினான்கு ஆண்டாகக் காலி என்று அவளாகவே எழுதி, கூலிக்குப் போட்ட ஆளையும் நிறுத்திவிட்டார்கள் என்று சேர்த்தாள். சவரிமுத்து சார் பார்த்தார், அடித்துவிடச் சொல்லவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல என் குரல் பெரிதாகிக்கொண்டே போனது. அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், அரசுக் கட்டணத்தில் எம்.எஸ்ஸி வேதியியல், எத்தனை இடங்கள் என்று இருந்தது.

"இருபதுன்னு போடும்மா. எல்லா ஊர்லயும் இருபதுதான் குடுப்பாங்க" என்றார் சவரிமுத்து சார்.

மகிழ் இருபது என்று எழுதினாள். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு தன் வகுப்பு மொத்தத்துக்கும் சேர்த்து முப்பத்தொன்று என்று எழுதினாள்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் என் முகத்தைப் பார்த்துப் பத்து நாளாகிவிட்டிருந்தது.

"எல்லாருக்கும் சேத்துத்தானம்மா கேட்ட? அப்ப முழுசாக் கேளு" என்றாள்.